கண்ணில் விளக்கெண்ணெய்

நம்மூரில் ஒருத்தரைப் பார்த்து "போடா விளக்கெண்ணெய்" என்றால் அது பாராட்டு இல்லை. பிடி கொடுக்காமல் பேசினால், வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கின மாதிரி. லீவு விட்டதும் பாட்டி கரண்டியும் கையுமாகத் துரத்தினால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் நடக்காது :-) இப்படி எல்லா வழியிலும் மரியாதை இழந்து நிற்கிற எண்ணெய்தான், நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஒரு எஞ்சினைக் காப்பாற்றுகிறது என்றால் போர்ட் பிளேரில் இருக்கும் என் சித்தப்பா இன்றைக்கும் நம்ப மாட்டார். (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழக்கதோஷம், எனக்கு அது போர்ட் பிளேர்தான்.) அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் நைட்ரோ ரேடியோ கார். ஜெர்மனியில் வாரம் ஐந்து நாள் பெரிய கார்களுக்கான மென்பொருளோடு மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு கிளப் தடத்தில் சின்னக் காரோடு மல்லுக்கட்டுகிறேன். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. எஞ்சின் 3.5 சிசி, அதாவது முக்கால் டீஸ்பூன் கொள்ளளவு. பொம்மைதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: தார்த்தடத்தில் ஓடுகிற வகை மணிக்கு 100 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். காலில் பட்டால் எலும்பு முறியும்.

இதன் எரிபொருள் பெட்ரோல் இல்லை. டின்னைத் திறந்தால் மூன்று சமாசாரம் இருக்கும்: மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். அந்த எண்ணெயில் ஒரு பங்கு நம்ம விளக்கெண்ணெய். தடத்தில் கார்கள் பத்துச் சுற்று ஓடியதும் ஒரு இனிப்பான கருகல் வாசம் எழும் பாருங்கள், அது கோயில் பிரகாரத்தில் விளக்கு அணைந்த நேரத்து வாசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆமணக்கு எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று தோண்டப் போனால் கதை முதல் உலகப் போர் வரைக்கும் போகிறது.

அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் இருந்தவை ரோட்டரி எஞ்சின்கள். 1909 வாக்கில் பிரான்சின் சேகாங் சகோதரர்கள் கொண்டுவந்த நோம் எஞ்சின்தான் இதில் முன்னோடி. தண்டு நிற்கும், சிலிண்டர்கள் எல்லாம் அதைச் சுற்றிச் சுழலும். காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி கிராங்க் பெட்டி வழியாகவே போகும். சாதாரணக் கனிம எண்ணெய் போட்டால் பெட்ரோல் அதைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது. அதனால் அதையே ஊற்றினார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். மணிக்கணக்கில் அதைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு என்ன ஆகியிருக்கும் என்பதை நம் வீட்டில் வளர்ந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய்க்கு அவ்வளவு கிராக்கி. அமெரிக்கா போரில் இறங்கியதும் தன் தென் மாநிலங்களில் ஆமணக்குப் பயிரிட ஏற்பாடு செய்தது. விதை இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-இல் தொடங்கிய எண்ணெய்க் கம்பெனி, 1909-இல் விளக்கெண்ணெய் கலந்த ஒரு சரக்குக்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்தது அது. நம்மூர் மெக்கானிக் ஷெட் சுவர்களில் எல்லாம் தொங்குகிற அந்தப் பெயருக்குள் ஒரு ஆமணக்குக் கொட்டை ஒளிந்திருக்கிறது.

ரோட்டரி எஞ்சின் போரோடு போய்விட்டது. விளக்கெண்ணெய் பந்தயக்காரர்களிடம் தங்கியது, பிறகு பொடியன்களிடம் வந்தது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் சின்ன எஞ்சின் வைத்த கார்களைக் கம்பியில் கட்டி, நடுவில் ஒரு கம்பம் நட்டு, செக்குமாடு மாதிரி வட்டமாகச் சுற்றவிட்டார்கள். அவற்றில் ஸ்பார்க் பிளக், காயில், பேட்டரி எல்லாம் சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையை இறக்கிவைத்தவர் ரே ஆர்டன். 1947-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்தது குளோ பிளக். உள்ளே ஒரு பிளாட்டினச் சுருள், அவ்வளவுதான். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் பேட்டரியைப் பிடுங்கிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வேதிவினையும் முந்தைய வெடிப்பின் சூடும் சேர்ந்து சுருளைக் கனல வைத்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் கதையின் முடிச்சு. இந்த வித்தை மெத்தனாலோடுதான் நன்றாக நடக்கும். மெத்தனாலில் கனிம எண்ணெய் கலக்காது, தண்ணீரும் எண்ணெயுமாகப் பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் பிரமாதமாகக் கலக்கும். பெட்ரோலில் கரையாததால் விமானத்துக்கு வேலைக்கு எடுத்தார்கள். மெத்தனாலில் கரைவதால் பொம்மைக்கு வேலைக்கு எடுத்தார்கள். ஒரே ஆள், நேர்மாறான இரண்டு தகுதி. விமான மாதிரிகளின் உலக வேகப் போட்டிக்கு விதித்த எரிபொருளே 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய்தான்.

இந்தியாவிலும் இந்த வாசம் உண்டு. என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கம்பியில் சுற்றும் மாதிரி விமானங்கள் நினைவிருக்கும். கல்கத்தாவில் செய்த அரோரா எஞ்சின்கள் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். மாதிரி விமான டீசல் எஞ்சின்களுக்கான பழைய கலவை ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சமபங்கு. கேட்டால் நாட்டு மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும்.

கார்களுக்கு ரேடியோ வந்தது 1960களில். 1966-இல் இத்தாலியின் எல்-ஜி கம்பெனி விற்ற ஃபெராரி 250எல்எம் மின்சாரக் கார். எஞ்சின் வைத்தவை அமெரிக்காவிலும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலும் 1970களின் தொடக்கத்தில் சூடு பிடித்தன. லெஸ்டரில் மார்டேவ் என்ற கம்பெனி அப்போது தன் ஊர்ப் பக்கத்திலேயே விற்றது நைட்ரோ கார்கள்தான்.

நைட்ரோமீத்தேன் எதற்கு? எஞ்சினின் பசி எரிபொருளுக்கு இல்லை, காற்றுக்குத்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்குச் சுமார் 6.4 போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7. அது தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜனைக் கட்டுச்சோறாக எடுத்துக்கொண்டு வருகிறது. அதே சிலிண்டரில் பல மடங்கு எரிபொருளை அடைக்கலாம், சக்தியும் கூடும்.

சரி, தடத்துக்கு வருவோம்.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் இல்லாததால் எப்போது வெடிக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. கையில் இருப்பது கார்புரேட்டரின் ஊசிகள்தான். முழு வேகத்துக்கு ஒன்று, மெது வேகத்துக்கு ஒன்று, ஐடில் வைக்க ஒரு திருகு. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் மட்டு, லீன். இடப்பக்கம் திருகினால் தூக்கல், ரிச். கடிகார முள் ஒரு மணி நகர்கிற அளவு, அதற்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. திருகிவிட்டு இரண்டு மூன்று சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். புதுசு என்றால் முதல் சில டேங்க் வேண்டுமென்றே தூக்கலாக வைத்து ஓட்டுவோம். பிஸ்டனும் ஸ்லீவும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். குளிரில் ஸ்லீவின் மேல்முனை பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். அதனால் ஹேர் டிரையரால் தலையைச் சூடாக்கிவிட்டுத்தான் கிளப்புவது.

ஓட விட்டதும் "கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்" என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப் புகை ஒரு கோடாக வர வேண்டும். புகை அடர்த்தியாக, கார் சோம்பலாக இருந்தால் தூக்கல். புகையே இல்லாமல் சத்தம் கீச்சென்று ஏறினால் மட்டு, உடனே உள்ளே கூப்பிட வேண்டும். அப்புறம் அகச்சிவப்பு வெப்பமானியை பிளக்கைக் குறிபார்த்து அழுத்தினால் 100-லிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் காட்ட வேண்டும். எங்கள் கிளப்பில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர் இந்தக் கருவியெல்லாம் தொடமாட்டார். விரலில் எச்சிலைத் தொட்டு ஹெட்டில் வைப்பார், தோசைக்கல்லைச் சோதிப்பது போல. மூன்று விநாடியில் கொதித்து வற்றினால் தலையாட்டுவார், சுர்ரென்று உடனே பறந்தால் முறைப்பார். மெது ஊசிக்கு வேறு சோதனை: ஐடிலில் எரிபொருள் குழாயை விரலால் நெரித்தால், லேசாக வேகம் ஏறி, இரண்டு மூன்று விநாடியில் அணைய வேண்டும். பிளக்கைக் கழற்றிச் சுருளையும் பார்ப்போம். பளபளப்பாக இருந்தால் சரி. மங்கி நெளிந்திருந்தால் எஞ்சின் பட்டினி கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் காலை ஒன்பது மணிக்குச் சரியாகச் செய்துவிட்டால் போதுமா என்றால், போதாது. ஜெர்மனியில் ஏப்ரல் மாதக் காலை 6 டிகிரி, மதியம் 20. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆக்ஸிஜன் அதிகம், எரிபொருளும் அதிகம் கேட்கும். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், காலையில் வைத்த ஊசி தானாகவே தூக்கலாகிவிடும். கார் மந்தமாகிறது என்று மதியம் ஊசியை மூடுவோம். ஆபத்து சாயங்காலம்தான். இறுதிப் போட்டி நடக்கும் நேரத்தில் காற்று மறுபடி குளிர்கிறது. மதியத்து ஊசி இப்போது மட்டு. கார் அன்றைக்கு முழுக்க ஓடாத வேகத்தில் ஓடும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பது இதுதான். அடுத்த சில சுற்றில் எஞ்சின் இறுகி நின்றால், ஒரு நல்ல மாதிரிக்கு முந்நூறு நானூறு யூரோ போச்சு.

அந்தச் சில சுற்றுகளில்தான் விளக்கெண்ணெய் தன் வேலையைக் காட்டுகிறது. செயற்கை எண்ணெய்கள் சுத்தமானவை, கரி வைக்காது, ஆனால் அளவு மீறிச் சூடானால் எரிந்து விலகிவிடும். விளக்கெண்ணெய் சூடு ஏற ஏறப் பிசின் மாதிரி இறுகி, உலோகத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே கடைசியாக நிற்பது அந்தப் படலம். பின்னால் அதைச் சுரண்டிக் கழுவுகிற வேலை நமக்கு. அதனால்தான் இன்றைய தயாரிப்பாளர்கள் பெரும்பங்கு செயற்கை எண்ணெயும், சில சதவீதம் விளக்கெண்ணெயும் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சில சதவீதத்துக்குத்தான் காசு.

இந்த ஊசி விவகாரம் படிந்த பிறகு போர்ட் பிளேரைப் பற்றி யோசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே காலைக்கும் மாலைக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம். வருஷம் முழுக்க ஒரே புழுக்கம், கடல் மட்டம். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், நூறு பங்கு காற்றில் மூன்று பங்குக்கு மேல் நீராவியே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு ஆக்ஸிஜன் குறைவு, அவ்வளவு சக்தி குறைவு. ஆனால் ஒருமுறை சுருதி சேர்த்துவிட்டால் மாலை வரை கலையாது. வேறு சங்கடம் உண்டு: மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டின் மூடி சரியாக இல்லாவிட்டால் எரிபொருளே நீர்த்துப்போகும், உப்புக் காற்றில் பேரிங் துருப்பிடிக்கும். எரிபொருளைப் பயணிகள் விமானத்தில் எடுத்துப் போகவும் முடியாது.

இடமும் இல்லை. சில்வர்ஸ்டோன், அமெரிக்காவின் செப்ரிங், நம்ம சோழவரம் எல்லாமே இரண்டாம் உலகப் போரின் விமானத் தளங்கள். போர் முடிந்து காலியாகக் கிடந்த ஓடுதளத்தில்தான் மெட்ராஸ்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் முடுக்கினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தென்னிந்தியப் பந்தயம் என்றால் சோழவரம்தான். போர்ட் பிளேருக்கும் போர் ஒரு ஓடுதளத்தை விட்டுச் சென்றது. 1942 முதல் 1945 வரை தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர்கள் உள்ளூர் மக்களை வதைத்து வேலை வாங்கிப் போட்டது அது. மலையும் காடுமான தீவில் அத்தனை நீளச் சமதளம் வேறு எங்கே? அது விமானங்களுக்கே நின்றுவிட்டது. அதில் பந்தயம் விடலாமே என்று சிறுவயதில் நினைத்ததுண்டு. அதைப் போட்டவர்களின் கதையைக் கேட்ட பிறகு நினைக்கவில்லை.

இங்கே ஐரோப்பாவிலும் நைட்ரோவின் நாட்கள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. லித்தியம் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் 2000களில் வந்ததிலிருந்து புதுப் பையன்கள் மின்சாரத்துக்குப் போகிறார்கள். வெடிபொருள் செய்ய உதவும் என்பதால் நைட்ரோமீத்தேனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கடிவாளம் போட்டிருக்கிறது. முன்பு 30 சதவீதம் வரை பொதுமக்கள் வாங்கலாம். 2021 பிப்ரவரியிலிருந்து, உரிமம் இல்லாதவர்களுக்கு 16 சதவீதம்தான். நைட்ரோ குறைந்தால் எஞ்சின் குறைவாகக் குடிக்கும், அழுத்தம் கூடக் கேட்கும். 25-இலிருந்து 16-க்கு இறங்கிய வருஷம் எங்கள் கிளப்பில் வரிசையாக உட்கார்ந்து ஹெட்டைக் கழற்றி, ஷிம் ஒன்றை எடுத்துவிட்டு, ஊசியைக் கொஞ்சம் மூடினோம். எண்ணெய்ப் பங்கில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.