ஒரே மேசையில் பிறந்தவை

1977 மே மாதம், சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை. பைபாஸுக்காக ஒரு நோயாளியின் மார்பைத் திறந்திருக்கிறார்கள். வெட்டிய தமனி வழியே நூல்போன்ற குழாய் ஒன்றை உள்ளே விடுகிறார் கார்டியாலஜிஸ்ட் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். அதன் நுனியில் குட்டி பலூன். சூரிக்கில், தன் வீட்டுச் சமையலறை மேசையில் வெட்டி ஒட்டி அவர் பழகிய கைவேலை அது. பலூன் உப்பியது, அடைப்பு சுவரோடு அமுங்கியது.

அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று, சூரிக்கில், மார்பைத் திறக்காமல் தொடை வழியாகவே போய் 38 வயதுக்காரர் ஒருவரின் அடைப்பை நீக்கினார். உலகம் இந்த நாளைத்தான் கொண்டாடுகிறது. எனக்கோ அந்த மே மாதம்தான் பெரிது. இதயத் தமனிக்குள் பலூன் முதலில் நுழைந்தது சர்ஜனின் மேசையில் அல்லவா!

பிறகு பாகப்பிரிவினை நடந்துவிட்டது. கத்தி சர்ஜனுக்கு, குழாய் கார்டியாலஜிஸ்டுக்கு. நோயாளி ஏதாவது ஒரு வாசலைத்தான் தட்ட முடிந்தது.

மறுபடி சேர்த்து வைத்தது ஒரு தமனி. மார்பெலும்பின் இடப்பக்கம் உள்ளே ஓடும் அதை இதயத்தின் முன்பக்கத் தமனியோடு தைத்தால், பத்தாண்டு கழித்தும் பத்துக்கு ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. இந்த மார்புத் தமனியை இதயத் தமனியோடு இணைக்கலாம் என்று லெனின்கிராடில் சர்ஜன் கொலெசோவ் 1964இலேயே தைத்துக் காட்டினார். பைபாஸுக்குக் காலிலிருந்து எடுக்கும் சிரைக்கு அந்த ஆயுசு இல்லை. அப்படியானால் முன்பக்கத்துக்கு இந்தத் தமனி, மற்ற அடைப்புகளுக்கு பலூன் என்று பிரித்துக்கொண்டால் என்ன? பிரிஸ்டலில் சர்ஜன் ஜியானி ஆஞ்சலீனியும் சகாக்களும் அதைச் செய்து, 1996இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இடது விலா எலும்புகளுக்கு நடுவே சின்ன வெட்டு. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தையல். மார்பெலும்பை அறுக்கவில்லை.

சிக்கல் ரத்தத்தில் இருக்கிறது. பலூனால் விரித்த இடத்தில் வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டுக்கு ரத்தம் உறையாதிருக்க மாத்திரை வேண்டும். வெட்டிய இடத்துக்கோ ரத்தம் உறைந்தாக வேண்டும். அதனால் பெரும்பாலும் தையல் முதலில், ஸ்டென்ட் சில நாள் கழித்து. அப்போது எடுக்கும் ஆஞ்சியோவிலேயே தையல் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடலாம். எக்ஸ்ரே கருவியோடு கூடிய ஹைபிரிட் தியேட்டர் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு.

எல்லா இதயத்துக்கும் இந்தக் கூட்டு முறை பொருந்தாது. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பல தமனிகளில் அடைப்பு என்று சொன்னால், பைபாஸா ஸ்டென்ட்டா என்று ஒருவரை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சர்ஜனும் கார்டியாலஜிஸ்டும் அந்த ஆஞ்சியோ படத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.