கேட்டு வந்த விசுவாசம்



இளைஞர் திமொத்தேயுவுக்கு எழுதும்போது பவுலடியார் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். விசுவாசம் முதலில் அந்தப் பெண்களிடம் குடியிருந்தது என்கிறார். நம் கொங்கு மண்ணின் கதையும் அதுதான்.

17-ம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித்தளத்து இயேசு சபைக் குருக்கள் இங்கே நற்செய்தியை விதைத்தார்கள். கருமத்தம்பட்டியில் செபமாலை அன்னைக்குக் கோயில் எழுந்தது. 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது குருக்கள் அருகிப்போனார்கள்; போர்களும் வந்தன. பூசை காண்பதே அரிதான அந்த நாட்களில் உபதேசியாரும், வீட்டுச் செபமும், ஊர் கூடிச் சொன்ன செபமாலையுமே நம் முன்னோரைத் தாங்கின. எழுத்தறியாத தாய்மார்கள் செபங்களை வாய்ப்பாடமாகவே மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் இன்று கிறிஸ்தவர்களாக இருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1846 அக்டோபர் 4, மாதத்தின் முதல் ஞாயிறு. அதே கருமத்தம்பட்டியில் மரியோன் பிரேசிலாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்த மண்ணின் மைந்தர்களே குருக்களாக வேண்டும் என்று உழைத்தவர் அவர். அவர் காலத்திலேயே, 1853-ல், கோயம்புத்தூரில் ஜோசப் லூயி ரவேல் அடிகளார் காணிக்கை மாதா சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் பள்ளிப்படி ஏறாத காலம் அது. நம் மொழியும் நம் வீட்டு வழக்கமும் அறிந்த பெண்களே அந்தப் பணிக்குத் தேவைப்பட்டார்கள். பாட்டியிடமும் தாயிடமும் கேட்டு வளர்ந்த விசுவாசம், மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்தாகவும் மருந்தாகவும் திரும்பிச் சென்றது.

ஊர் அந்தப் பெண்களுக்குச் செபத்தை மட்டும் கொடுக்கவில்லை, பொறுப்பையும் கொடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்று நம் மகள்கள் திருப்பூருக்கு வேலைக்கும், கோவைக்குப் படிப்புக்கும் போகிறார்கள். ஊரில் மணியடித்தால் கோயிலுக்குப் போன பிள்ளை, விடுதி அறையில் தனியாகச் செபிக்கிறாள். சிலநாள் செபிக்காமலும் உறங்கிவிடுகிறாள். அவளைக் குறைசொல்வது எளிது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை உண்டா, பக்கத்தில் எந்தப் பங்கு இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? திருவிழாவுக்கு வருகிறபோதும் பூத்தொடுக்கவும் கோலம் போடவும்தானே அவளை அழைக்கிறோம்?

2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டில் வேதியர் பணியையும் திருப்பணியாக ஏற்படுத்தினார். கதவு திறந்திருக்கிறது. வருகிற செபமாலை மாதத்தில் ஊர் திரும்பும் மகளிடம் வாசக நூலைக் கொடுப்போம். மறைக்கல்வி வகுப்பை ஒப்படைப்போம். அன்பியக் கூட்டத்தில் அவள் பேசட்டும், பெரியவர்கள் நாம் கேட்போம்.

செபமாலை அன்னையே, எங்கள் பெண்மக்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.