ஸ்லேட்டர் துரையின் கேள்வித்தாள்

தில்லியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். இங்கே நம்மவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனால், "பையனை எகனாமிக்ஸ் ஆனர்ஸ்ல சேர்க்கலாமா சார்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே 1899-ல் தொடங்கிய ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். உழைத்துப் பிழைத்தவர்களுக்குப் பாடம் சொன்ன மனிதருக்குச் சென்னையில் கிடைத்த வகுப்பு வேறு ரகம். ஆனாலும் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். நிலம், பயிர், கூலி, கடன் என்று கேள்விகள் எழுதிக் கையில் கொடுத்து, "விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் விசாரித்து வாருங்கள்" என்று அனுப்பினார். அப்படி வந்தவைதான் 1918-ல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற ஆங்கில நூலாயின. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் எல்லாம் அதில் உண்டு. (உங்கள் ஊர் இருந்தால் தேடிப் படியுங்கள்!) 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கேள்வி கேட்கப் போன பிள்ளைகள் யார்? அன்றைய பட்டதாரிகளில் மிகப் பெரும்பாலோர் பிராமணர்கள். பிராமணரல்லாதார் அறிக்கை வந்ததும் அதே காலத்தில்தான், 1916 டிசம்பரில். கூலி கொடுக்கிற தெருவிலிருந்து வந்தவன் கேட்கிறான், கூலி வாங்குகிறவர் பதில் சொல்கிறார். படியாள் தன் கடனைப் பற்றி எவ்வளவு சொல்லியிருப்பார்? நூலின் மதிப்பு இதனால் குறையாது. ஆனால் சேரியிலிருந்து ஒருவர் அதே கேள்விகளோடு போயிருந்தால் வேறு பக்கங்கள் கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி தில்லி. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடம் தரும் சட்டம் 2006-ல் வந்தது. 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் தடை. 2008 ஏப்ரலில் செல்லும் என்று தீர்ப்பு. (நமக்கு இதெல்லாம் பழைய கதை. இங்கே அப்போது நடந்த ரகளையை நேரில் பார்த்தேன்.) அதன்பின் இந்தி வழியில் படித்துவிட்டு வந்த முகங்கள் என் வகுப்பில் கூடின. பாடப்புத்தகமோ ஐஸ்கிரீம் கோனை வைத்துத் தேவையையும் அளிப்பையும் விளக்குகிறது. நான் ஸ்லேட்டர் பாணியில் ஒரு தாள் தயாரித்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தேன்.

பீகாரின் ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு தாள்கள் வந்தன. கோதுமை அறுப்புக்கு அங்கே கூலி, கட்டுக் கணக்கு. பதினாறு கட்டுக்கு ஒரு கட்டு என்று இருவருமே எழுதியிருந்தார்கள். நிலக்காரர் வீட்டுப் பையன், "கூலிக் கட்டைப் பெரிதாகக் கட்டிக்கொள்வார்கள், அதனால் கூலி அதிகம்" என்று சேர்த்திருந்தான். அறுக்கப் போகிற வீட்டுப் பெண், "சுமந்து போய்க் களத்தில் சேர்ப்பதும் அந்தக் கட்டுக்குள் அடக்கம், அதற்குத் தனிக் கூலி இல்லை" என்று எழுதியிருந்தாள். வகுப்பில் இருவரும் மோதிக்கொண்டார்கள். யாரும் மணி பார்க்கவில்லை.

அடுத்த வருடம் பெயர்களை மறைத்துவிட்டு அந்த இரண்டு தாள்களையும் புது மாணவர்களிடம் கொடுத்தேன். ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கணக்குப் போடவே பாடவேளை முழுதும் போயிற்று. வரைபடம் மறுநாள்தான்.