செம்புறாங்கல்லுக்குக் கீழே

மலாக்காவை 1511-ஆம் ஆண்டில் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், பிடித்த துறைமுகத்தைக் காத்துக்கொள்ளும்பொருட்டு ஆ ஃபாமோசா என்னும் கோட்டையை எழுப்பியபோது, கரைக்கு எதிரே கிடக்கும் உப்பே தீவிலிருந்தும் அதற்குக் கல் வெட்டிக் கொணர்ந்தார்கள். அது நம்மவர் செம்புறாங்கல் என்று வழங்கும் கல். பன்னெடுங்காலமாகப் பெய்த மழை பாறையிலுள்ள சத்துக்களையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கி, இறுகி, துளை துளையாய்ச் சிவந்து நிற்பது. புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சே யான் என்னும் சீன வணிகர் ரப்பர்ப் பயிரைத் தொடங்கிய பின்னர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, இருள் பிரியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, கத்தியும் வாளியுமாய் நிரை நிரையாகப் பால்மரம் சீவிய நம் முன்னோரின் பாதங்களில் ஒட்டியதும் அந்தச் செம்மண்ணே.

இந்தச் செம்மை கண்ணுக்கு இனியதுதான். ஆனால் பூமியின் சரித்திரத்தை ஆராய்பவருக்கு அது பெரிய திரை. மழை குறைந்த தேசங்களில் பூமியின் மேலோடு பிளந்து நழுவிய இடங்களை, மலையடிவாரத்து நேர்க்கோடாகவோ, திடீரென உயர்ந்த மேடாகவோ, திசை திரும்பிய ஓடையாகவோ வெறுங்கண்ணாலேயே காணலாம். மலாக்காவிலோ பாறை மட்கி மண்ணாகி, மண்ணின்மேல் காடும், காட்டை அழித்து ரப்பரும், ரப்பரை அழித்துச் செம்பனையும் வளர்ந்துவிட்டபடியால், கீழேயுள்ள பிளவுகள் தம்மை எளிதில் வெளிக்காட்டுவதில்லை.

அத்திரை விலகும் இடங்களும் இல்லாமற் போகவில்லை. அலோர் காஜாவை அடுத்த காடேக், நானிங் பகுதியிலுள்ள செரானா பூத்தே, ஜாசின் மாவட்டத்துப் பெம்பான் ஆகிய இடங்களில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் சுரக்கிறது. ஊற்றின் அருகே குனிந்தால் கந்தக வாசனை மூக்கில் ஏறுகிறது; அடியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடைகின்றன; தண்ணீர் தெளிவாயிருக்கிறது, சூடோ கை பொறுப்பதில்லை. மூட்டுவலிக்கும் சருமநோய்க்கும் இந்நீர் நல்லதென்று மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒருமனதாய் நம்பி வந்து நீராடுகிறார்கள். எரிமலை ஒன்றுமில்லாத மலாக்காவில் இவ்வளவு உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு விடை எளியது. மேலே பெய்யும் மழைநீர், பண்டைக்காலத்தில் நொறுங்கிப் பிளந்த கருங்கற்பாறையின் வெடிப்புகள் வழியே கீழே இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறுமாதலால், வேண்டிய ஆழம் சென்ற நீர் சூடேறி, வேறொரு பிளவைப் பற்றிக்கொண்டு மறுபடியும் மேலே வந்துவிடுகிறது. பிளவு இல்லையேல் ஊற்று இல்லை.

இந்நாட்டு நிலவியலைப் பற்றி முதன்முதலில் கருத்தோடு எழுதியவருள் ஒருவர், வாலாஜாபாத் படை என்று பெயர்பெற்ற சென்னைக் காலாட்படையின் 23-ஆம் பிரிவைச் சேர்ந்த நியூபோல்டு என்னும் இளம் அதிகாரி. நானிங் தலைவர் தோல் சைட் கும்பினியாருக்கு வரி கொடுக்க மறுத்ததால் மூண்ட யுத்தத்தில், 1831-இல் முதலில் அனுப்பப்பட்ட சென்னைச் சிப்பாய்கள் காட்டு வழியில் தோற்றுத் திரும்ப, மறு ஆண்டு பெரும் படை சென்று தாபோ என்னும் ஊரைப் பிடித்தது. அந்த 1832-இல் மலாக்கா வந்து சேர்ந்த நியூபோல்டு, மூன்றாண்டு தங்கித் தாம் அறிந்தவற்றை 1839-இல் லண்டனில் இரண்டு பாகமாக வெளியிட்டார். தென்னிந்தியா திரும்பியபின், அந்நாட்டுப் பாறைகளைக் குறித்தும் விரிவாக எழுதினார். தமிழகத்துக் கல்லையும் மலாக்காக் கல்லையும் ஒரே மனிதர் ஆராய்ந்தது, நம் சரித்திரத்தில் இன்னும் போதிய கவனம் பெறாத செய்தி என்பது என் அபிப்பிராயம்.

அவர் காலத்துக்குத் தெரியாத ஒன்றைப் பின்வந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். தாய்லாந்தின் தென்கோடியிலிருந்து ரவூப், பெந்தோங் வழியாக மலாக்காவை நோக்கி இறங்கும் ஒரு நெடிய பட்டை, மறைந்துபோன ஒரு மகாசமுத்திரத்தின் தழும்பு. அதற்கு மேற்கேயுள்ள நிலம், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த கோண்டுவானா பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து, இருபது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் கிழக்குப் பகுதியோடு மோதி இணைந்தது; ஆழ்கடலில் படிந்த நுண்ணுயிர்களின் கூடுகள் இன்றும் அப்பட்டையின் கற்களில் காணப்படுகின்றன. கப்பலேறி வந்த தமிழன் காலூன்றிய மண்ணும், அவன் விட்டுவந்த மண்ணும், ஒரு காலத்தில் ஒரே கண்டத்தின் பகுதிகளாயிருந்தன.

நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் இக்கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அத்தீவின் நீளம் முழுவதும் ஓடும் பெரும்பிளவு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1892-இல் தப்பனூலிப் பகுதியில் பூகம்பம் நேர்ந்தபோது, அங்கே நில அளவை செய்துகொண்டிருந்த டச்சுக்காரர் முல்லர், தாம் நட்ட அளவுக்கற்கள் இடம்பெயர்ந்திருப்பதைக் கணக்கிட்டுக் கண்டார். பிளவின் இருபுறமும் நிலம் எதிரெதிராக நழுவுவதை அளவையால் நிறுவிய ஆதிச் சான்றுகளுள் அது ஒன்று. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கருகே நேர்ந்த பெரும்பூகம்பத்தால் லங்காவித் தீவு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. 2007 நவம்பர் முதல் பகாங்கைச் சேர்ந்த புக்கிட் திங்கியில் சிற்றதிர்வுகள் தொடங்கின. மலேசியத் தீபகற்பம் அசையாத நிலம் என்று பள்ளியில் படித்த தலைமுறை நாம். 2025 ஆகஸ்டு 24 அதிகாலையில், லேடாங் மலைக்கு அப்புறமுள்ள சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது, அதிர்வு மலாக்கா வரை உணரப்பட்டது. பெருஞ்சேதம் இல்லை, பழைய பிளவுகள் முற்றும் உறங்கிவிடவில்லை என்பது மட்டும் விளங்கிற்று.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பணிபுரியும் தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று: மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும் அதே சுற்றுலாவில் காடேக் ஊற்றுக்கும் அழைத்துச் சென்று, அந்நீர் எந்தப் பிளவின் வழியே வருகிறதென்பதைத் தமிழிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.