வயிற்று வலி என்று எழுதிய கணக்கு

1979-ல் கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சித்தி இறந்தார். அப்போது நான் தாலுகா அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். மாதக் கணக்கில் சித்தியின் பெயரும் வந்தது. இறப்புக்குக் காரணம்: வயிற்று வலி. பல மாதங்களாக உதிரப்போக்கு இருந்ததும், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததும், மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது என்று சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வந்ததை வந்தபடியே நகல் எடுத்து மேலே அனுப்பினேன். எழுத்தர் வேலை அதுதானே!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பிறப்பு, இறப்புப் பதிவு என்றால் மேரியில் பெரிய காரியம். ஆனால் பதிவேட்டில் இல்லாத நோய்க்கு அரசாங்கம் வைத்தியம் ஏற்பாடு செய்யாது என்பது எனக்குப் புரிந்தது பின்னால்தான்.

நம் நாட்டில் மக்கள்தொகை சார்ந்த முதல் புற்றுநோய்ப் பதிவேடு பம்பாயில் 1963-ல் தொடங்கியது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பதிவேடு 1981-ல் தொடங்கியது. அந்நாளில் புற்றுநோயை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. அதனால் பதிவேட்டு ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோயாளிச் சீட்டுகளைப் படித்துக் குறித்தார்கள். ஒரே ஆள் இரண்டு இடங்களில் வைத்தியம் பார்த்திருந்தால், பெயர், வயது, ஊர் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். பிறகு இறப்புப் பதிவேட்டோடு சரிபார்ப்பு. இறந்தவர் பட்டியலில் இருந்து, ஆஸ்பத்திரிப் பட்டியலில் இல்லாத பெயர் கிடைத்தால், அங்கேதான் ஓட்டை. அவர் வைத்தியத்துக்கு வரவே இல்லையா, வந்தும் கணக்கில் விடுபட்டாரா என்று தேட வேண்டும்.

நமக்கு நெருங்கிய கதை கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கம், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் நடந்தது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை கிராமத்து மக்களுக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்று அங்கே மிக அதிகம் என்பது அதில் தெரிந்தது. 2000-ல் பிரான்சின் லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதனை, தேவையானால் சிகிச்சை. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

பலன் இருந்ததா என்பதைச் சொன்னதும் பதிவேடுதான். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் இந்த நோயில் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

எழுத்தன் கண்ணுக்கு இன்னொரு கணக்கும் படுகிறது. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343. கழித்தால் 17,968. வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் இத்தனை பேர் வரவில்லை. அந்த வரிசையில்தான் என் சித்தி நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

2012 முதல் தமிழகம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் நடக்கிறது. தேனியும் அதில் உண்டு. வீட்டுப் பெண்கள் உதிரப்போக்கு என்று சொன்னால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒருவர் இறந்து காரணம் கேட்டால், தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நான் அன்று நகல் எடுத்த அந்த ஒரு வரியை இனி திருத்த முடியாது.