கல்லாப்பெட்டிப் பாலம்

இரண்டு தேசங்களை இணைக்கும் பாலம் யாருக்குச் சொந்தம்? அரசாங்கத்துக்கு என்பீர்கள். இல்லை சார், ஒரு குடும்பத்துக்கு!

அமெரிக்காவின் டெட்ராய்ட், கனடாவின் வின்ஸர். நடுவில் ஓடும் நதிமேல் அம்பாசடர் பாலம். திறந்தது 1929 நவம்பரில். வால் ஸ்ட்ரீட் மண்ணைக் கவ்வி சில வாரங்கள்கூட ஆகவில்லை. நல்ல முகூர்த்தம்!

1979-ல் வாங்கியவர் லாரி கம்பெனி முதலாளி மேட்டி மொரூன். இருநாட்டு வர்த்தகத்தில் ஏறக்குறைய கால்வாசி, அவருக்குச் சுங்கம் கட்டித்தான் நதியைத் தாண்டணும். விடுவாரா மனிதர்? பக்கத்திலேயே அரசாங்கப் பாலம் வரப்போகிறது என்றதும் 2012-ல் மிச்சிகன் மாநிலத்தில் பொதுவாக்கெடுப்பு வரை இழுத்தார். மூன்று கோடி டாலருக்கு மேல் செலவு. தோற்றார்.

புதுப் பாலத்துக்குப் பணம் போட்டது கனடா. சுங்கத்தில் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. 2018-ல் வேலை ஆரம்பம். 2020-ல் மொரூன் காலமானார். பழைய கல்லா, வாரிசுகள் கைக்குப் போனது.