கேபபிளாங்காவைத் தோற்கடித்த சுல்தான் கான்

1/ ஒரு பக்கம் முன்னாள் உலக செஸ் சாம்பியன். எதிரே, சர்வதேச விதிகளையே சில வருஷம் முன்னாடிதான் கத்துக்கிட்ட ஒருத்தர். யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?

2/ அவர் மீர் சுல்தான் கான், பஞ்சாப்காரர். சின்ன வயசுல ஆடினது நம்ம நாட்டு சதுரங்கம். அதுல சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். 1929-ல் நிலப்பிரபு சர் உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போனார். அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன்!

3/ ஹேஸ்டிங்ஸ் போட்டி, 1930-31. எதிரே கேபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். அவர் தோற்பதே அபூர்வம். சுல்தானுக்குப் புத்தக அறிவு குறைவு. ஆனா அவசரப்படலை. கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, 65 நகர்வில் வென்றார்.

4/ டாக்டரா என்னை உறுத்துறது இதுதான்: இங்கிலாந்துக் குளிர், அடிக்கடி மலேரியா, தொண்டைத் தொற்று. இதோடதான் 1932, 1933-லயும் பட்டம் வாங்கினார். அழைச்சிட்டு வந்தவர் ஊர் திரும்ப, இவரும் திரும்பினார். சர்வதேச ஆட்டம் அதோட முடிஞ்சுபோச்சு.

5/ 1966-ல் இறந்தார். ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல். 58 வருஷம் கழிச்சு!

திறமை மட்டும் போதாதுங்க. ஒருத்தர் தயவுல கிடைச்ச வாய்ப்பு, அவரோடயே போயிடும்.